அரிசியில் முக்கால் பங்கைத் தீட்டிக் கழித்துவிட்டுச் சாக்கே வடிப்பது நியாயமா?

கூழாங்கல்:

ஒசாக்காவில் வேலை பார்க்கும் என் மைத்துனர் விடுப்பில் வந்தபோது ஒரு புட்டி சாக்கே, அதாவது ஜப்பானிய அரிசி மது, கொண்டுவந்தார். தாஸ்ஸாய் என்ற பெயரோடு 23 என்ற எண்ணும் போட்டிருக்கிறது. அரிசியைத் தீட்டித் தீட்டி, நூற்றுக்கு 23 பங்கு மிச்சமிருக்கும்போதுதான் அதை அவித்து மது வடிப்பார்களாம். மீதி 77 பங்கு போயே போய்விட்டது. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னார்.

நான் திருவாரூர்ப் பக்கம். நொய்யைக்கூடக் கஞ்சிக்கு ஆகும் என்று புடைத்து எடுத்து வைக்கிற வீடு எங்களுடையது. அந்தப் புட்டியைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது. குடிப்பது சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. இவ்வளவு தீட்டினால்தான் மது நன்றாக வருமா, இல்லை விலையை ஏற்றுவதற்கான வித்தையா? கழித்த 77 பங்கு எங்கே போகிறது? ஜப்பானில் இருப்பவர்கள் விளக்குங்கள்.

காங்கேயம் மில்:

மதுவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அரிசியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். உமி நீக்கிய அரிசியில் எட்டு முதல் பத்து சதவீதம் தவிடாக எடுத்தாலே சாப்பாட்டு அரிசி வெள்ளைவெளேர் என்று வந்துவிடும். அதற்கு மேல் அழுத்தினால் உடைந்து குருணையாகக் கொட்டும். 77 சதவீதம் தேய்த்தும் அரிசி முழுசாக நிற்கிறது என்றால் அந்த இயந்திரத்தை நான் பார்த்தே ஆக வேண்டும். எங்கள் மில்லில் நிறம் பிரிக்கும் இயந்திரம் சடாகே நிறுவனத்தினுடையது. சாக்கேக்கும் அவர்கள்தான் இயந்திரம் செய்கிறார்களா?

கோபேவாசி:

மில்காரரே, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். சடாகே நிறுவனம் பிறந்ததே சாக்கேயால்தான். ஹிரோஷிமா மாநிலத்தில் சாய்ஜோ என்ற சாக்கே ஊரில் 1896இல் சடாகே ரீச்சி விசையால் ஓடும் அரிசி தீட்டும் இயந்திரத்தைச் செய்தார். வடிசாலைக்காரர்களின் தேவைதான் அதற்குத் தூண்டுதல். இன்று உங்கள் மில்லில் ஓடும் இயந்திரத்துக்கு மூதாதை அது.

சாக்கேக்குத் தீட்டும் இயந்திரம் செங்குத்தானது. நடுவில் குருந்தக்கல் உருளை சுழலும். அரிசி மேலிருந்து விழுந்து அதில் உரசி, கீழே வந்ததும் வாளிப் பட்டையில் ஏறி மறுபடியும் மேலே போகும். ஒவ்வொரு சுற்றிலும் மிகக் கொஞ்சமாகத்தான் தேயும். அவசரப்பட்டால் சூடேறி விரிசல் விட்டுவிடும். அதனால் பாதிக்குப் பாதி தீட்டவே இரண்டு நாள்வரை ஆகும். 23 என்றால் அதைவிடவும் அதிகம். தீட்டிய அரிசி ஈரமிழந்து சூடாக இருப்பதால் உடனே தண்ணீரில் போட்டால் பிளந்துவிடும். வாரக்கணக்கில் ஆறப்போட்டு, காற்றிலிருந்து ஈரம் ஏறிய பிறகுதான் கழுவுவார்கள்.

அரிசியும் சாப்பாட்டு அரிசி அன்று. யமதா நிஷிகி என்ற ரகம் பேர்போனது. 1923இல் ஹியோகோ மாநிலத்தில் ஒட்டுச்சேர்த்து, 1936இல் பெயரிட்டு வெளியிட்டார்கள். ஆயிரம் மணி ஏறக்குறைய 27 கிராம் நிற்கும். ஜப்பானியர் விரும்பி உண்ணும் கொஷிஹிகாரி 22 கிராம் அளவுதான். மணியை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் சுண்ணாம்பு வெண்மையில் ஒரு பொட்டுத் தெரியும். அந்த இடத்தில் மாவுச்சத்து நெருக்கமில்லாமல் இருக்கும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் கோஜிப் பூஞ்சை வேர் இறக்குவது அங்கேதான். ஆனால் தாள் உயரமானது, காற்றடித்தால் சாய்ந்துவிடும். விளைவிப்பவர்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

காங்கேயம் மில்:

நடுவில் வெள்ளை விழுந்த அரிசியை இங்கே தரம் குறைந்தது என்று ஒதுக்குவோம். அதற்குத்தான் அங்கே விலையா!

ஈஸ்ட்:

உணவுத் தொழில்நுட்பம் படித்தவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன். அரிசியின் வெளிப்புறத்தில் புரதமும் கொழுப்பும் தாது உப்புகளும் மிகுதி. உள்ளே போகப் போக மாவுச்சத்து மட்டும் நிற்கும். புரதம் சிதைந்தால் அமினோ அமிலங்கள் வரும். அளவாக இருந்தால் அதுவே சுவை, மிஞ்சினால் கரகரப்பு. கொழுப்பு இன்னொரு கெடுதல் செய்கிறது. ஈஸ்ட் பழ மணம் தரும் எஸ்டர்களை உண்டாக்குவதை அது தடுக்கிறது. வாழைப்பழ மணத்துக்கு ஐசோஅமைல் அசிட்டேட், ஆப்பிள் மணத்துக்கு எத்தில் கேப்ரோயேட். நன்கு தீட்டிய அரிசியைப் பத்து டிகிரியை ஒட்டிய குளிரில் ஒரு மாதம் மெல்ல நொதிக்கவிட்டால் பழம் எதுவும் சேர்க்காமலே இந்த மணம் வரும். ஆக, தீட்டுவது வெறும் வித்தை அன்று.

அதே சமயம், இது நேர்கோடும் அன்று. 90இலிருந்து 60க்கு இறங்கும்போது புரதம் வேகமாகக் குறைகிறது. 40க்குக் கீழே போனால் குறைவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

தேன்கூடு:

நாட்டில் குடியால் எத்தனை குடும்பங்கள் சீரழிகின்றன. இங்கே மணம் குணம் என்று ஆராய்ச்சி. நன்றாக இருக்கிறது!

மட்டுறுத்துநர்:

தேன்கூடு, உங்கள் கவலையில் நியாயம் உண்டு. அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இது சமையல், வேளாண்மைப் பிரிவு.

வெந்நீர்:

தோக்கியோவில் குப்பை கொட்டுபவன் சொல்கிறேன், அந்த 23 என்ற எண் ஒரு போதை. யமகாத்தாவில் ததெனோகாவா என்ற வடிசாலை 2017இல் ஒரு சதவீதம்வரை தீட்டிய சாக்கேயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நூறு கிலோ அரிசியில் 99 கிலோவைக் கழித்திருக்கிறார்கள். அதில் அரிசியின் குணம் எதைத் தேடுவது? கைத்திறனைக் காட்டச் செய்தார்கள் என்றால் சரி, கைதட்டலாம். சுவைக்காக என்றால் நம்ப மாட்டேன்.

நான் குடிப்பது 70, 80 என்று நிற்கும் ஜுன்மாய், அதாவது வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்க்காத சாக்கே. அதுவும் சூடாக. நாற்பது டிகிரிக்கு ஒரு பெயர், நாற்பத்தைந்துக்கு ஒரு பெயர், ஐம்பதுக்கு ஒரு பெயர் என்று ஐந்தைந்து டிகிரிக்குப் பெயர் வைத்து ரசித்த மக்கள் இவர்கள். இப்போது வெளிநாட்டுக்காரர்கள் சூடான சாக்கே மட்டமானது என்று எங்கேயோ படித்துவிட்டு, எதைக் கொடுத்தாலும் பனிக்கட்டி மாதிரிக் குளிரவைத்து ஒயின் கோப்பையில் கேட்கிறார்கள்.

ஈஸ்ட்:

வெந்நீர் சொல்வதில் வேதியியல் உண்டு. லாக்டிக் அமிலமும் சக்சினிக் அமிலமும் சூட்டில் இதமாகத் தெரியும். மாலிக் அமிலம் குளிரில்தான் எடுபடும். பழ மணம் தரும் எஸ்டர்கள் சூடாக்கினால் பறந்துபோகும். எனவே பழைய முறையில் லாக்டிக் பாக்டீரியா தானாக வளரவிட்டு உறையூற்றும் கிமோத்தோ, யமஹாய் வகைகளைச் சூடாக்கலாம். கூழாங்கல்லின் 23ஐச் சூடாக்கினால் கொடுத்த காசு ஆவியாகப் போகும்.

கோபேவாசி:

வெந்நீர் அண்ணா, குளிர்ந்த சாக்கே குடிப்பவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் அல்லர். என் அலுவலகத்தில் அறுபது வயதுக்காரர்களும் கோடையில் அப்படித்தான் குடிக்கிறார்கள்.

ஆனால் எண்ணைப் பற்றிய உங்கள் எரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு. சட்டமே அதற்கு ஒரு காரணம். தீட்டி மிஞ்சும் பங்கு 70க்குள் இருந்தால் ஹோன்ஜோசோ என்ற தரம், 60க்குள் கின்ஜோ, 50க்குள் தைகின்ஜோ என்று படிக்கட்டு கட்டிவைத்தால், மேல்படிதான் உயர்ந்தது என்று கடைக்கு வருபவர் நினைக்கத்தானே செய்வார்? முன்பு ஜுன்மாய்க்கும் 70 என்ற வரம்பு இருந்தது, 2004இல் அதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் 80, 90 என்று குறைவாகத் தீட்டி வடிப்பவர்கள் புட்டியில் ஜுன்மாய் என்று போட முடிந்தது. சிபா மாநிலத்தில் தெராதா ஹொன்கே என்ற பழைய வடிசாலை முளைவிட்ட பழுப்பரிசியிலேயே ஒன்று வடிக்கிறது. புளிப்பும் தவிட்டு வாசனையுமாக இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அரிசி இருப்பது நாக்குக்குத் தெரிகிறது.

அந்த எண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. மில்காரர் இதைக் கேட்டால் மகிழ்வார். அரிசி மணி நீளமானது, தட்டையானது. குருந்தக்கல்லில் உருட்டித் தேய்த்தால் நுனிகள் முதலில் தேய்ந்து மணி உருண்டையாகிவிடும். அப்போது நீள வாக்கில் நல்ல மாவுச்சத்தும் போய்விடுகிறது, தடிமன் வாக்கில் புரதம் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஃபுக்குஷிமாவில் நிஹொன்மத்சு ஊரில் இருக்கும் தாய்ஷிச்சி வடிசாலை, மணியின் வடிவம் மாறாமல் நாலாபுறமும் ஒரே கனத்துக்குச் சீவி எடுக்கிறது. அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். ஆனால் 70 என்று போட்ட அரிசியிலும் புரதம் நன்றாகக் குறைந்திருக்கும். புட்டியில் இருக்கும் எண் எவ்வளவு எடை கழிந்தது என்று சொல்லும், எது கழிந்தது என்று சொல்லாது.

காங்கேயம் மில்:

தாய்ஷிச்சிக்காரர்கள் நல்ல மில்காரர்கள். உருளையின் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். வேகம் குறைந்தால் மணி புரளாது, படுத்தபடியே உரசும்.

கூழாங்கல்:

விளக்கங்களுக்கு நன்றி. என் மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. அந்த 77 பங்கு?

வெந்நீர்:

குப்பைக்குப் போவதில்லை, அந்த மட்டில் ஆறுதல். முதலில் வருவது பழுப்புத் தவிடு. அது எண்ணெய்க்கும் கால்நடைக்கும் ஊறுகாய்க்கும் போகிறது. தவிட்டில் உப்புப் போட்டுப் பிசைந்து கத்தரிக்காயும் வெள்ளரிக்காயும் புதைத்து ஊறவைப்பார்கள், எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்த வாளி இருக்கிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் வெள்ளை மாவு, அசல் அரிசி மாவுதான். செம்பே என்ற மொறுமொறு அரிசி அப்பளமும் மிட்டாய்களும் செய்கிறவர்கள் வாங்கிப்போகிறார்கள். சாக்கேயைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையையும் விடமாட்டார்கள். அதில் மீனை ஊறவைப்பார்கள், குளிர்காலத்தில் சூப்பில் கரைப்பார்கள்.

கோபேவாசி:

நான் இருப்பது நாதா பக்கத்தில். கோபேயிலிருந்து நிஷினோமியாவரை கடற்கரையோரம் ஐந்து வடிசாலைக் கிராமங்கள். நாதா பெரிய ஆளானதற்கும் தீட்டுவதுதான் முக்கியமான காரணம். மற்ற ஊர்களில் காலால் மிதிக்கும் உரலில் குத்திக்கொண்டிருந்தபோது, இங்கே ரொக்கோ மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் தண்ணீர்ச் சக்கரம் வைத்து உலக்கைகளை ஓட்டினார்கள். மனிதன் களைப்பான், ஓடை களைக்காது. கூடவே தண்ணீரும் அமைந்தது. நிஷினோமியாவில் மியாமிசு என்ற கிணற்று நீரை 1840இல் யமமுரா என்ற வடிசாலைக்காரர் கண்டுகொண்டார். அவருடைய இரண்டு ஊர் வடிசாலைகளிலும் ஒரே அரிசி, ஒரே ஆட்கள், ஆனால் ஓர் ஊர் வடிசாலையில் மட்டும் மது நன்றாக வந்தது. காரணம் தேடி, தண்ணீரை மாற்றிப் பார்த்துத்தான் பிடித்தார். அதில் ஈஸ்டுக்குத் தேவையான பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மிகுதி, இரும்பு மிகக் குறைவு. இரும்பு கலந்தால் சாக்கே நிறம் மாறிக் கெட்டுவிடும். 1995 நிலநடுக்கத்தில் அந்தப் பழைய மர வடிசாலைகளில் பல விழுந்துவிட்டன. இப்போது பெரும்பாலும் கான்கிரீட் கட்டடங்கள்.

ஒரு குளிர்காலத்தில் சிறிய வடிசாலை ஒன்றின் கோஜி அறைக்குள் என்னை விட்டார்கள். வெளியே பனி, உள்ளே முப்பது டிகிரிக்கு மேல். மர மேடையில் துணி விரித்து அவித்த அரிசியைப் பரப்பியிருந்தார்கள். ஒருவர் சிறிய சல்லடை போன்ற டப்பாவைத் தலைக்கு மேலே பிடித்து மெல்லத் தட்டினார். கோஜிப் பூஞ்சையின் பச்சை வித்துத் தூள் புகை மாதிரி இறங்கியது. அது விழுந்து அடங்கும்வரை யாரும் நடக்கவில்லை, கதவைத் திறக்கவில்லை. பிறகு எல்லாரும் குனிந்து, கட்டி விழாமல் இரண்டு கைகளாலும் அரிசியைத் தேய்த்துப் பிரித்தார்கள். இரண்டு நாள் இப்படிப் பொத்திப் பொத்திப் பார்க்கிறார்கள், இரவில் எழுந்து வெப்பம் பார்க்கிறார்கள். முடிந்த கோஜியை வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பருக்கை உலர்ந்து வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தது. மெல்ல மெல்ல இனித்தது, அவித்த கஷ்கொட்டை வாசனை. தீட்டியது 60ஆ 50ஆ என்று கேட்கவே தோன்றவில்லை. வடிசாலைக்காரர்களும் கோஜி முதல், உறை இரண்டாவது, நொதிப்பு மூன்றாவது என்றுதான் வரிசை சொல்வார்கள். அந்த வரிசையில் தீட்டுவதற்கு இடமே இல்லை.

ஏட்டுச்சுவடி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தீட்டாத அரிசியில் மது வடிப்பது நம் பழைய பாட்டிலேயே வருகிறது. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற பிழாவில் பரப்பி ஆறவைத்து, கறையான் புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோறு போன்ற நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். நல்லடை என்பதற்கு நெல் முளையை இடித்தது என்று பொருள் கொள்கிறார்கள். கூழாங்கல் அவர்களே, ஒரு பருக்கைகூட வீணாகாத மது இதுதான்.

ஈஸ்ட்:

அருமை. வழி மட்டும் வேறு. அரிசியில் சர்க்கரை இல்லை, மாவுச்சத்துதான். அதைச் சர்க்கரையாக உடைக்க ஏதாவது ஒன்று வேண்டும். நெல் முளைத்தால் அந்த நொதியை விதையே உண்டாக்கிக்கொள்ளும், பீர் வடிக்க பார்லியை முளைகட்டுவதும் அதற்காகத்தான். ஜப்பானில் அந்த வேலையைப் பூஞ்சை செய்கிறது. இன்னொன்று, சாக்கேயில் மாவு சர்க்கரையாவதும் சர்க்கரை ஆல்கஹாலாவதும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சர்க்கரை சேர்ந்து ஈஸ்டைத் திணறடிப்பதில்லை. அரிசியையும் கோஜியையும் தண்ணீரையும் மூன்று தவணையாகப் பிரித்துக் கொட்டுவதும் இதற்கு உதவுகிறது. அதனால் காய்ச்சி வடிக்காமலே இருபது சதவீதம்வரை ஆல்கஹால் ஏறுகிறது. தண்ணீர் விட்டு 15, 16க்குக் கொண்டுவந்து புட்டியில் அடைக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் வருவது இரண்டு நாள் மது, இனிப்பும் புளிப்புமாக இலேசாக இருந்திருக்கும்.

நட்டாறு:

அஸ்ஸாமில் வேலை பார்த்தபோது திமா ஹசாவோ மலைப்பகுதியில் ஜுதிமா குடித்திருக்கிறேன். திமாசா மக்கள் வீட்டுக்கு வீடு வடிப்பது. ஒட்டும் அரிசி, அதோடு தெம்ப்ரா என்ற கொடியின் பட்டையை அரிசி மாவில் இடித்துச் சேர்த்த உறைவில்லை. 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஞ்சளோடிய நிறம், தேன் போன்ற இனிப்பு. தீட்டுவது கீட்டுவது ஒன்றும் கிடையாது. விருந்தாளிக்கு முதலில் ஊற்றிவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

கூழாங்கல்:

எல்லாம் சரி. ஆனால் ஜப்பானிலேயே 2024 கோடையில் கடைகளில் அரிசி இல்லாமல் போய், 2025இல் விலை ஏறக்குறைய இரு மடங்கானதாகச் செய்தி படித்தேன். சோற்றுக்கே தட்டுப்பாடு வரும்போது இது உறுத்தாதா?

வெந்நீர்:

உறுத்தியது. எதிர்ப்பக்கமாகவும் உறுத்தியது. சாப்பாட்டு அரிசிக்கு நல்ல விலை என்றதும், சாய்ந்து விழும் யமதா நிஷிகியோடு மல்லுக்கட்டுவானேன் என்று உழவர்கள் சிலர் மாறிவிட்டார்கள். வடிசாலைகள் அரிசி விலையைப் பார்த்து விழி பிதுங்கின.

இது புதிதும் அன்று. 1918இல் அரிசி விலை ஏறி நாடெங்கும் கலவரம் நடந்தது. அதைப் பார்த்த சுசுகி உமெதாரோ என்ற வேதியியலாளர், அரிசியே இல்லாமல் சாக்கே செய்ய முடியுமா என்று இறங்கினார். 1920களில் செயற்கைச் சாக்கே வந்தது. ஆல்கஹாலோடு சர்க்கரையும் அமிலங்களும் கலந்தது. இதே சுசுகிதான் 1910இல் அரிசித் தவிட்டிலிருந்து, பின்னர் பி1 என்று அறியப்பட்ட வைட்டமினைப் பிரித்தெடுத்தவர். வெள்ளைச் சோறு மட்டுமே தின்று பெரிபெரி வந்து செத்துக்கொண்டிருந்த ஊர் இது. தீட்டிக் கழித்ததில்தான் மருந்து இருந்தது. குடிக்கிற அரிசியைத் தீட்டினால் யாருக்கும் நோய் வராது, தின்கிற அரிசியைத் தீட்டியதற்குத்தான் விலை கொடுத்தார்கள்.

போருக்குப் பிறகு இன்னும் மோசம். ஆல்கஹாலும் குளுக்கோஸும் சுவையூட்டியும் கலந்து ஒரு பங்குச் சாக்கேயை மூன்று பங்காக்கி விற்றார்கள். அரிசித் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாக்கேக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது அதுதான். எண்பதுகளில் ஜப்பானிய இளைஞர்கள் கின்ஜோ பக்கம் திரும்பியதும் அந்த இனிப்புக் கஷாயத்திலிருந்து தப்பிக்கத்தான். அந்த வகையில், தீட்டியவர்களுக்கு நானும் கடன்பட்டவன்தான்.

கோபேவாசி:

அண்ணா ஒரு வழியாக ஒப்புக்கொண்டார்!

கூழாங்கல்:

நான் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. பாதிவரை தீட்டுவதற்குக் காரணம் புரிகிறது. அதற்கு மேல் போவது பணக்காரர்களின் விளையாட்டு என்றே இன்னும் நினைக்கிறேன். மாவு அப்பளமாகப் போகிறது என்பதால் எரிச்சல் பாதி குறைந்தது. மைத்துனர் அடுத்த முறை வரும்போது என்ன கொண்டுவரச் சொல்லலாம்?

வெந்நீர்:

ஜுன்மாய், கிமோத்தோ என்று இரண்டும் புட்டியில் இருக்கட்டும். எண் 65இலிருந்து 80க்குள் எதுவானாலும் சரி. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, சிறிய பீங்கான் குடுவையில் ஊற்றிக் கழுத்துவரை அதில் இறக்கி வையுங்கள். சாக்கே மெல்ல விரிந்து குடுவையின் கழுத்தில் ஏறும். அடியைத் தொட்டால் சூடு உறைக்க வேண்டும், கை சுடக்கூடாது. இப்போது கையில் இருக்கும் 23ஐக் குளிர்பெட்டியில் வைத்துக் குடியுங்கள். திறந்த பிறகு நாள்கணக்கில் விடாதீர்கள், மணம் போய்விடும்.

காங்கேயம் மில்:

கோபேவாசி, அந்தத் தாய்ஷிச்சி வடிசாலையில் பார்வையாளர்களை மில் பகுதிக்குள் விடுவார்களா? மது வேண்டாம், உருளையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன்.